துரை கொடுத்த பேனாக்கத்தியும் நான் செய்த பேனாக்கத்தியும்

கைப்பேசியில் எனக்குக் கத்திப் படம் அனுப்பும் அன்பர்களே, ஒரு விண்ணப்பம். பேனாக்கத்தியை மடக்கி வைத்துப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "இது அசலா, போலியா?" என்று கேட்காதீர்கள். மூடிய வாயைப் பார்த்துப் பல் முளைத்ததா கட்டியதா என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அலகை விரியுங்கள். இரண்டு பக்கமும் எடுங்கள். முடிந்தால் முகர்ந்து பார்த்து, என்ன வாசனை என்றும் எழுதி அனுப்புங்கள்.

நம் வயதில் ஆளுக்கொரு கிறுக்கு. உங்களில் ஒருவர் மீன் வளர்க்கிறார், ஒருவர் பாட்டுப் பாடிப் பதிவு செய்து எங்களுக்கெல்லாம் அனுப்புகிறார். எனக்குப் பழைய பேனாக்கத்தி. புஞ்சாக் ஆலாமில் ஞாயிற்றுக்கிழமை காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அங்கே நான் வருவதைப் பார்த்தால் இரண்டு வியாபாரிகள் கத்திகளை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். அவ்வளவு மரியாதை. என் மனைவிக்கு மட்டும் அது இல்லை. "வீட்டுல ஒரு கீரைக்கட்டு அரிஞ்சதில்ல, கத்தியைப் பத்தி ஊருக்கே பாடம்," என்பாள்.

இந்த வித்தை எனக்கு எப்படி வந்தது என்று சென்ற வாரம் ஒருவர் கேட்டிருந்தார். புத்தகம் படித்து வரவில்லை. பத்து வயதில் போலிக் கத்தி ஒன்றை நானே செய்தேன். செய்து மாட்டிக்கொண்டவனுக்குத்தான் எங்கெங்கே மாட்டிக்கொள்ளலாம் என்பது தெரியும்.

கோல சிலாங்கூர் டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் எங்கள் ரப்பர் தோட்டம். ஆண்டுக் கடைசிப் பள்ளி விடுமுறை. மழைக்காலம். மரம் நனைந்திருந்தால் பால்வெட்டு கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகையில் பெரியவர்கள் எல்லாரும் குந்திக்கொண்டு மழை விடக் காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் என் பெரியப்பா தம் கோட்டுப் பையிலிருந்து கத்தியை எடுப்பார்.

பெரியப்பாதான் தோட்டத்து மண்டோர். வேலையாட்களை மேய்ப்பவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது அவர் கையில் வைத்துவிட்டுப் போன பேனாக்கத்தி அது. ஒரு முனையில் பெரிய அலகு, மறுமுனையில் சின்ன அலகு. பிடி மான்கொம்பு. இடது பக்கம் ஆழமான வரிகள், வலது பக்கம் ஏறக்குறைய வழவழப்பு. வருஷக்கணக்காகத் தீட்டித் தீட்டிப் பெரிய அலகின் நடுப்பகுதி தேய்ந்து பிறை போல் ஒடுங்கியிருக்கும். அலகின் அடியில் அடித்திருந்த எழுத்துகளில் இரண்டுதான் மிஞ்சியிருந்தன. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, "இது அவங்க ராஜா பேரு," என்று பெரியப்பா அடித்துச் சொல்வார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. அதனால் ராஜா பெயர்தான்.

விரித்தால் 'டக்'. மடக்கினால் அதைவிட அழுத்தமாக இன்னொரு 'டக்'. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நாங்கள் அவரைச் சுற்றி உட்காருவோம். அதே கத்தியால் கால் நகம் வெட்டுவார், வேட்டியில் ஒரு துடை துடைத்து, அதே கத்தியால் மாம்பழமும் வெட்டித் தருவார். வாங்கிச் சாப்பிட்டோம். இதோ, இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம்.

அந்தக் கத்திமேல் கண் வைத்திருந்த இன்னொருவர் ரொட்டிக்கார பாய். சைக்கிள் பின்னால் தகரப்பெட்டி கட்டி, எங்கள் வரிசை வீடுகளில் லயம் லயமாக ரொட்டி விற்பவர். எங்கள் தோட்டத்தையும் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டையும் நம்பித்தான் அவர் சைக்கிள் ஓடியது. ரொட்டியை வெட்டி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்துக் கிண்டிய காயா தடவித் தருவார். பெரட்டுக் கொட்டகைக்கு வந்தால் முதலில் கத்தியைக் கையில் வாங்கி, நாலு தரம் விரித்து மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்.

"மண்டோரே, விக்கிறதா இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க லா."

"உன் சைக்கிள், பெட்டி, பெட்டிக்குள்ள இருக்கிற ரொட்டி எல்லாத்தையும் வித்தாலும் பத்தாது பாய்."

தினமும் இதே பேச்சு, தினமும் இருவரும் சிரிப்பார்கள்.

அந்த விடுமுறையில் எங்களுக்கெல்லாம் பட்டப் பைத்தியம். மூங்கிலை மெல்லிசாகச் சீவினால்தான் பட்டம் நிமிர்ந்து ஏறும். எங்கள் வீட்டுச் சமையல் கத்தியால் சீவியதில் என் பட்டம் ஏணி மாதிரி கனத்தது. ஒரு மத்தியானம் பெரியப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது. அரை மணி நேரக் கடன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்துவந்தேன்.

கால்வாய்ப் பலகைப் பாலத்தில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து சீவினேன். ஆகா, அது கத்தி. மூங்கில் வெண்ணெயாகப் போனது. மூன்றாவது குச்சியில் என் கெட்டிக்காரத்தனம் தலைக்கேறி, ஒற்றைக் கையால் மடக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. கீழே மழைத்தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது. கத்தி விழுந்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. இடுப்பளவு இறங்கித் துழாவியதில் ஒரு செருப்பு கிடைத்தது. அதுவும் என்னுடையதுதான், அப்போதுதான் கழன்றது.

சாயங்காலம் பெரியப்பா கோட்டை உதறினார், பெட்டியை உதறினார், கடைசியில் பெரியம்மாவை உதறினார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு, "காலையில பாய் கையில கொடுத்தேன். திரும்ப வாங்கினேனா?" என்றார். வாங்கினாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. இரவுச் சாப்பாடு முடிவதற்குள் வாங்கவில்லை என்று நினைவு வந்துவிட்டது. பெரியவர்களின் ஞாபகம் அப்படித்தான் வேலை செய்கிறது என்பதை நானே பெரியவனான பிறகு கண்டுகொண்டேன்.

மறுநாள் பெரட்டில் பெரியப்பா அறிவித்தார். "ரொட்டிக்காரன் இனிமே தோட்டத்துக்குள்ள வரக்கூடாது. எவனாவது அவன்கிட்ட ரொட்டி வாங்கினா என்கிட்ட பதில் சொல்லணும்."

பாய் தோட்டத்து வாசலில் மழையில் நின்றார். பெட்டி நிறைய ரொட்டி.

"மண்டோரே, உங்க கையிலதானே கொடுத்தேன்."

"வாங்கின கைக்குத் தெரியாதா பாய்? போயிடு. நல்லா இருக்காது."

பாய் சைக்கிளைத் திருப்பினார். நான் வாசல் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. இரண்டே நாளில் பக்கத்துத் தோட்டங்களுக்கும் செய்தி போய், அங்கேயும் அவரை வாசலிலேயே நிறுத்தினார்கள்.

பெரியப்பா மகளிடம் உளறிவிட்டேன். என்னைவிட மூன்று வயது மூத்த அக்கா, எங்கள் கூட்டத்திலேயே மூளைக்காரி. கேட்டுவிட்டு என் தலையில் இரண்டு குட்டு வைத்தாள். பிறகுதான் யோசித்தாள்.

"டேய், சொல்லிடேன்."

"பெரிப்பா கொன்னுடுவாரு."

"கொல்ல மாட்டாரு. ஆனா என்னையும் சேர்த்து வெளுப்பாரு. அப்பா தூங்கும்போது நான்தானே கோட்டைப் பார்த்துக்கிட்டிருக்கணும்." சிறிது நேரம் நகத்தைக் கடித்தாள். "கத்தி கிடைச்சுட்டா பாய் திருடலைன்னு ஆயிடும். கிடைக்கலைன்னா கிடைக்க வைப்போம்."

எனக்குப் புல்லரித்தது. தீபாவளிக்குக் கிடைத்த காசுகளை அவள் பவுடர் டின்னில் சேர்த்து வைத்திருந்தாள். நூலகத்துக்குப் போவதாகச் சொல்லி இருவரும் கோல சிலாங்கூருக்குப் பஸ் ஏறினோம். என்னை அறிந்த எவரும் அந்தப் பொய்யை நம்பியிருக்கக் கூடாது, அம்மா நம்பினார். இரும்புச் சாமான் கடையின் சீன முதலாளி, தவுக்கே, கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். பெரிய அலகு, சின்ன அலகு, மான்கொம்பு மாதிரியே பிடி.

"இது பகூஸ் லா தம்பி, நல்ல சாமான். புதுசு. பளபள."

"பளபளன்னு இல்லாம, கொஞ்சம் பழசா இருக்கா தவுக்கே?" என்று அக்கா கேட்டாள்.

கடைக்குள் வந்து பழசு கேட்ட முதல் ஆட்கள் நாங்களாகத்தான் இருக்க வேண்டும். தவுக்கே கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

பழசாக்கும் வேலை என்னுடையது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இரும்பைப் பழசாக்கும் வழியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஆசிட் இருக்கும். அது பட்ட வாளியும் கொக்கியும் ஒரே வாரத்தில் கிழடு தட்டிவிடும். ஒரு பால்டின்னில் கொஞ்சம் கொண்டுவந்தோம். "துணி சுத்திப் பிடிடா," என்றாள் அக்கா. வீரனுக்குத் துணி எதற்கு? சின்ன அலகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்துக்கொண்டு, பெரிய அலகையும் பிடியையும் ஆசிட்டில் தொங்கவிட்டேன். பிடித்த பிடி விடாமல், சின்ன அலகுக்கு ஒரு குச்சியில் பஞ்சு சுற்றித் தடவினேன். பிறகு தேயிலைத் தண்ணீரில் ஊறல், செம்மண்ணில் மூன்று நாள் அடக்கம். எடுத்தபோது கத்தி எங்கள் அப்பாவைவிட வயதானதாக இருந்தது. நான் ஆனந்தக் கூத்தாடினேன். கட்டைவிரல் தோல் உரிந்து எரிந்ததைக்கூடப் பொருட்படுத்தவில்லை. அம்மாவிடம் சுடுதண்ணீர் என்று சொன்னேன்.

அன்று ராத்திரி அதைப் பெரியப்பா பூட்ஸுக்குள் போட்டு வைத்தோம். மறுநாள் விடிகாலை அவர் அதற்குள் காலை விட்டார். அடுத்த கணம் அவர் போட்ட கூச்சலில் லயமே எழுந்துவிட்டது. கத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாங்கள் இருவரும் கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் அலகைப் பார்க்கவே இல்லை. அவர் கண்ணுக்குக் கத்தி தெரியவில்லை, துரை தெரிந்தார்.

அன்றே ஆள் அனுப்பிப் பாயை வரவழைத்தார். பெரட்டுக் கொட்டகையில் எல்லாரும் இருந்தார்கள்.

"பாய், கத்தி கிடைச்சுடுச்சு. பூட்ஸுக்குள்ள விழுந்து கிடந்திருக்கு. நீ இனிமே வரலாம்," என்றார். மன்னிப்பு என்ற சொல் பெரியப்பாவின் வாயில் அடங்காது. அதற்குப் பதிலாக, பழைய வழக்கப்படி கத்தியை நீட்டினார். "இந்தா, பாரு."

பாய் வாங்கினார்.

முதலில் விரித்தார். 'டக்' வரவில்லை. 'சொத்' என்று ஒரு சத்தம். அவர் புருவம் ஏறியது. பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே வரி, ஒரே மேடு, ஒரே பள்ளம். எந்த மானுக்கும் அப்படி அச்சு வார்த்துக் கொம்பு முளைப்பதில்லை என்பது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. விரல் அலகின் மேல் ஓடி நடுவில் நின்றது. தேய்ந்து ஒடுங்கியிருக்க வேண்டிய இடம் கொழுகொழுவென்று முழுசாக இருந்தது. தோல்தான் கிழடு, உடம்பு பச்சைக் குழந்தை. கட்டைவிரலால் துருவைத் தேய்த்தார். செவசெவ என்று விரலில் ஒட்டியது. உண்மையான பழைய துரு கறுத்துப்போய் மூலையில் பதுங்கியிருக்கும், இப்படி எல்லா இடத்திலும் சமமாகப் பூசிக்கொண்டு ஆடாது. கடைசியாக மூக்கருகே கொண்டுபோனார்.

அன்பர்களே, இதைத்தான் நான் மறந்தேன். அக்கா மறந்தாள். பெரியப்பாவும் கவனிக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் ஒருவர்கூடக் கவனித்திருக்க மாட்டார். எங்கள் சட்டை, தலைமயிர், சோறு எல்லாவற்றிலும் பால் ஸ்டோர் ஆசிட் வாடைதான். அது எங்களுக்கு வாடையே இல்லை. வெளியிலிருந்து வந்தவர் மூக்குக்கு மட்டும்தான் அது எட்டியது. பாயின் மூக்கு சுருங்கியது.

பாய் நிமிர்ந்து எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினால் மூன்று தோட்டமும் அவருக்குத் திரும்பக் கிடைக்கும். 'ஆட்டு, ஆட்டு' என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"மண்டோரே, இது உங்க கத்தி இல்ல."

பெரியப்பா கத்தியை எட்டிப் பார்த்தார்.

"என்ன பாய் சொல்ற?"

"இன்னைக்கு நான் சும்மா போயிடலாம். ஆனா நாளைக்கோ நாளன்னிக்கோ தீட்டும்போது நீங்களே கண்டுபிடிப்பீங்க. அப்ப, கடைசியா கையில வாங்கினது பாய்தான், அவன்தான் மாத்தி வச்சுட்டான்னு வரும். ஒரு தடவை திருடன்னு கேட்டாச்சு. ரெண்டாவது தடவை வேணாம்."

"அப்ப மாத்தினது யாரு?" என்றார் பெரியப்பா. கேட்டுவிட்டுப் பாயைத்தான் பார்த்தார். பாய் பூட்ஸ் பக்கமே வந்ததில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. கோபத்தில் நிற்பவருக்கு எதிரில் நிற்பவர்தான் தெரிவார். நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள்.

"நான்தான்," என்றேன்.

குரல் எலிக்குரலாக வந்தது. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "நான்தான் பெரிப்பா. கால்வாயில விழுந்துடுச்சு. இது நான் செஞ்சது."

பெரியப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கொட்டகையே சிரித்தது. "இவனா? பென்சில் சீவத் தெரியாது, இவன் கத்தியைப் பழசாக்கினானாம். பாய் உனக்கு ரொட்டி தந்து சொல்லச் சொன்னானாடா?"

குற்றத்தை ஒப்புக்கொண்டும் நம்பாத அவமானம் யாருக்கும் வரக்கூடாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் வேலைப்பாட்டை வேறு மட்டம் தட்டுகிறார்.

"சின்ன பிளேடை விரிச்சுப் பாருங்க," என்று கத்தினேன். "அதுல ஒரு இடத்துல துரு இருக்காது. முட்டை மாதிரி பளபளன்னு இருக்கும். அங்கதான் நான் புடிச்சிருந்தேன்."

பாய் சின்ன அலகை விரித்தார். துருவுக்கு நடுவே, கண்ணாடி மாதிரி, சின்னஞ்சிறு முட்டை வடிவம். அதைப் பெரியப்பாவிடம் நீட்டினார். பெரியப்பா என் வலது கையைப் பிடித்து இழுத்தார். தோலுரிந்த கட்டைவிரலைப் பார்த்தார். அதை அலகின் மேல் வைத்தார். மூடி போட்ட மாதிரி பொருந்தியது.

கூட்டத்தின் பின்னாலிருந்து அக்கா, "ஆசிட் நான் எடுத்தது," என்றாள்.

பெரியப்பா அடிக்கவில்லை. அந்த வேலையை அம்மா எடுத்துக்கொண்டார், குறை வைக்கவில்லை. பெரியப்பா கத்தியை மடக்கிப் பாயின் கையில் வைத்து அழுத்தினார். "இதை எடுத்துட்டுப் போயிடு பாய். என் கண்ணுல பட வேணாம்." மன்னிப்புக்குப் பதில் அன்று பெட்டியிலிருந்த ரொட்டி அத்தனையையும் வாங்கி, பெரட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கு மட்டும் இல்லை. மழை விட்டதும் கால்வாயில் எல்லாரும் இறங்கித் தேடினார்கள். அசல் கிடைக்கவே இல்லை.

மறு வருஷம் அப்பாவுக்குக் காப்பார் டவுனில் வேலை கிடைத்து நாங்கள் தோட்டத்தை விட்டு வந்துவிட்டோம்.

இனி நடந்ததைச் சொல்லாமல் விட்டால் உங்கள் முன் என் கௌரவம் மிஞ்சும். ஆனாலும் சொல்கிறேன்.

போன மாதம் சுங்கை செம்பிலாங்குக்கு மீன் வாங்கப் போனேன். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் தே தாரிக். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒருவர் மார்ஜரின் டின்னின் மூடியை ஒரு பேனாக்கத்தியால் நெம்பிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் தேநீர் கிளாஸைக் கீழே வைத்தேன். அலகின் நடு, பிறை மாதிரி தேய்ந்திருந்தது.

"தம்பி, அதைக் கொஞ்சம் கொடுங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி காரில். அது இல்லாமலே போதும், நான் யார்? நகம் வைக்கும் பள்ளம் வழவழத்திருந்தது. மூலையில் கறுத்த துரு. சின்ன அலகும் தேய்ந்து பாதியாகியிருந்தது. எழுத்து இருந்த இடமே மழுங்கிவிட்டது. பக்கத்து மேசைக்காரர்களுக்கும் கேட்கும்படி என் தீர்ப்பைச் சொன்னேன். "அசல். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். பிடி மான்கொம்பு. மார்ஜரின் டின்னைத் திறக்கிற கத்தியா இது? பாவம் தம்பி."

அவர் சிரித்தார். "பிளாஸ்டிக் அங்கிள். போன வருஷம் அடுப்புல பட்டு உருகிடுச்சு. இந்த முனையைத் தடவிப் பாருங்க."

தடவினேன். உருகியிருந்தது.

"எங்க அத்தா சைக்கிள்ல ரொட்டி வித்தாங்க. அவங்க கத்தி. ஒரு தோட்டத்துல அவங்களைத் திருடன்னு சொல்லிட்டாங்களாம். ஒரு சின்னப் பையன், அடி விழும்னு தெரிஞ்சும், எல்லார் முன்னாடியும் நான்தான் செஞ்சேன்னு சொல்லிட்டானாம். அத்தா கண்ணை மூடுற வரைக்கும் இதை வேற யாருக்கும் கொடுக்கல. தினமும் இதாலதான் ரொட்டி வெட்டுவாங்க."

ஐம்பத்து மூன்று வருஷமாக நான் அந்தக் கதையில் போலி செய்தவன். அவர்கள் வீட்டில் அதே கதையில் நான் வேறு ஆளாக இருந்திருக்கிறேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். கடைசியில் அதே எலிக்குரல்தான் வந்தது.

"அது நான்தான் தம்பி."

அவர் என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "அம்மா, கொஞ்சம் வாங்க. கத்தி செஞ்ச பையன் வந்திருக்காரு," என்றார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். என் வழுக்கையிலிருந்து செருப்பு வரை நிதானமாகப் பார்த்தார்.

"நீதானா? அவங்க உன்னை எத்தனையோ இடத்துல விசாரிச்சாங்க. காயா ரொட்டி ஒன்னு உனக்குப் பாக்கி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு உனக்கு மட்டும் தரலையாமே."

மகன் தட்டில் ரொட்டி வைத்துக் காயா தடவினார். நான் குனிந்தபடி சாப்பிட்டேன். அம்மா எதிரிலேயே நின்று முழுசாகச் சாப்பிடுகிறேனா என்று பார்த்தார். முடித்ததும் கத்தியை என் பக்கம் நகர்த்தினார்.

"செஞ்சது நீதானே. மொட்டையாப் போச்சு. இவனுக்குத் தீட்டத் தெரியல. தீட்டிக் கொடுத்துட்டுப் போ."

பின்பக்கம் குழாயடியில் சாணைக்கல் கிடந்தது. வீட்டில் மீனுக்குக் காத்திருந்த மனைவியிடம் போனில், தாமதமாகும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் குந்தினேன். மூட்டு இரண்டும் விரித்த கத்தி மாதிரி சத்தம் போட்டன. முக்கால் மணி நேரம் தீட்டினேன். அந்த அம்மா வந்து அலகை வாங்கி, கட்டைவிரலால் மெல்லக் கூர் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம்," என்றார்.